ஸாரி சொன்னால் ஐந்து

லாரிஸா மெல்னிக் விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்பில் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டாள். முதல் வருடத்தில் தெரிந்திருந்ததில் பாதி இப்போது தெரியவில்லை. அதைப் படிப்பின் வெற்றி என்பதா தோல்வி என்பதா, அதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில், ஆட்டக்காரர்கள் தப்பு செய்தால் அந்த நொடியே திருத்து என்றார்கள். புதன்கிழமை வகுப்பில், திருத்தித் தொலைக்காதே, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்தவர் முந்தின இரண்டு பேரையும் மறந்துவிடச் சொன்னார். பரீட்சையில் மூன்றிலிருந்தும் கேள்வி வந்தது. லாரிஸா மூன்றையும் எழுதி மூன்றுக்கும் மார்க் வாங்கினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஆட்டக்காரியாக அவள் தேறியதே இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து எந்த அணியில் சேர்ந்தாலும் பெஞ்சுதான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு ஒரு வசதி உண்டு. யாருக்குக் கால் நடுங்குகிறது, யார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அழுகிறார்கள் என்று எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் பயிற்சியாளராக வேண்டும் என்று முடிவு செய்தாள். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

அந்த ஆசைக்குத்தான் இப்போது ஆபத்து. போன இலையுதிர் காலத்தில் பத்து வயதுப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் களப்பயிற்சியில் அவளைப் பெயிலாக்கிவிட்டார்கள். ஆக்கியவர் புரொபசர் டன்பர். ஆறரை அடி உயரம், பழைய வாலிபால்காரர், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். அன்றைக்குக் கையில் ஒரு எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு, லாரிஸா ஒவ்வொரு முறை 'இப்படிச் செய்' என்றபோதும் அதை ஒரு தட்டுத் தட்டினார். ஐம்பது நிமிடத்தில் இருநூற்றுப் பதினான்கு தட்டு.

"இதுல எத்தனை அவங்க காதுல விழுந்திருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டார்.

"ஒரு நூறு?"

"நூறா?" என்றார். அவ்வளவுதான். மார்க் தபாலில் வந்தது.

களப்பயிற்சியில் இரண்டு முறை பெயிலானால் பொதுப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். பொதுப் படிப்பு படித்தவளைக் கூப்பிட்டு யாரும் கழுத்தில் விசிலை மாட்டுவதில்லை. ஆக, மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. வினிபெக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வரும் ஹார்மன் க்ரீக்கில், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் கர்லிங் அணிக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். மொத்தம் ஐம்பது மார்க், முப்பது வாங்கினால் பாஸ்.

"கேள்வி கேளு, லாரிஸா. சொல்லாதே, கேளு," என்று சொல்லி அனுப்பினார் டன்பர்.

"எந்த மாதிரி கேள்வி, புரொபசர்?"

"எந்த மாதிரி கேக்கலாம்னு நினைக்கிறே?"

"அவங்களையே யோசிக்க வைக்கிற மாதிரி?"

"அப்படியா?"

அந்த 'அப்படியா'வுக்கு ஆமாம் என்று அர்த்தமா இல்லை என்று அர்த்தமா என்று யோசித்தபடியே அவள் ஒன்றரை மணி நேரமும் காரை ஓட்டினாள். அந்த மனிதரிடம் நேரான பதில் ஒன்றை வாங்கியவர்கள் துறையிலேயே யாரும் கிடையாது.

அணியில் நான்கு பெண்கள். கேப்டன் டெஸ்ஸா, பேச்சில் கத்தரிக்கோல். நோராவும் கோராவும் இரட்டையர். ஒருத்தி சிரித்தால் இன்னொருத்திக்குக் காரணம் தேவையில்லை. நான்காவது ஐவி. பதினைந்து வயது, தோளைக் குறுக்கிக்கொண்டே நடப்பாள்.

கர்லிங்கைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. இருபது கிலோ கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கிவிட வேண்டும். எதிர்க்கோடியில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்திருப்பார்கள், அதற்கு வீடு என்று பெயர். நடுவுக்கு யார் கல் நெருக்கமோ அவர்களுக்குப் புள்ளி. ஓடுகிற கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். எங்கள் ஊர்களில் குழந்தைக்கு நடை வந்ததும் அடுத்து இதைத்தான் பழக்குவோம்.

முதல் வாரம் லாரிஸா கேள்வி கேட்டாள்.

"டெஸ்ஸா, கல்லு ஏன் இடது பக்கம் போச்சுன்னு நினைக்கிறே?"

"நான் இடது பக்கம் விட்டதால."

"சரி… அதப் பத்தி உனக்கு என்ன தோணுது?"

"வலது பக்கம் விட்டிருக்கணும்னு தோணுது. கோச், உங்களுக்கு நிஜமாவே தெரியலையா, இல்ல எங்கள வெச்சு விளையாடுறீங்களா?"

நோரா சிரித்தாள். கோராவும் சிரித்தாள். "ஸாரி, கோச்," என்றாள் ஐவி, அவளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமலே.

கனடாவில், எங்கள் மனிடோபா மாகாணத்தில் ஸாரி ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. கதவைத் திறந்துவிட்டால் ஸாரி, திறந்துவிடாவிட்டாலும் ஸாரி. கடையில் யாராவது நம் காலை மிதித்தால் நாம்தான் ஸாரி சொல்வோம், அதற்கு அவரும் ஒரு ஸாரி சொல்வார், இரண்டு பேரும் திருப்தியாகப் போவோம். ஆனால் ஐவி எங்கள் கணக்குக்கே அதிகம். நன்றாக ஆடினால் எதிரணியிடம் ஸாரி, மோசமாக ஆடினால் சொந்த அணியிடம் ஸாரி. ஒருநாள் துடைப்பத்தை மாட்டும்போது அது கீழே விழ, அந்தத் துடைப்பத்திடமே ஸாரி சொன்னதை லாரிஸா தன் காதால் கேட்டாள்.

அந்த வாரம் மனவியல் வகுப்பில், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஆட்டக்காரரின் தன்னம்பிக்கை கரைந்துபோகும் என்று பாடம் நடத்தினார்கள். மூன்று வருடத்தில் முதன்முறையாக லாரிஸாவுக்கு ஒரு பாடம் ஒரு முகத்தோடு பொருந்தியது. மறுநாளே போய்ச் சட்டம் போட்டாள்.

"இனிமே பனித்தளத்துல ஸாரி கிடையாது. யார் சொன்னாலும் அந்த இடத்துலயே படுத்து அஞ்சு தண்டால்."

"ஸாரி, புரியல," என்றாள் ஐவி.

"அஞ்சு!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

முதல் நாள் ஐவி அறுபத்தைந்து தண்டால் எடுத்தாள். கடைசிப் பத்தை எடுக்க முடியாமல் ஸாரி சொல்லி, அதற்கும் ஐந்து எடுத்தாள். மூன்றாம் வாரம் அவளுடைய அப்பா போன் செய்தார். "மேடம், பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வாயத் திறந்ததும் பழக்கதோஷத்துல ஸாரின்னுட்டு நாற்காலியில இருந்து இறங்கிக் கீழ படுத்துட்டா. நான் என்ன பண்ணட்டும்?" அவர் கோபமாக இருக்கிறாரா பெருமைப்படுகிறாரா என்று லாரிஸாவுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்த மாதிரி இல்லை.

ஆனால் பலன் தெரிந்தது. ஐவியின் தோள் நிமிர்ந்தது. கையில் வலு ஏறி, தேய்த்தால் பனி கதறியது. ஸாரி வாய் வரைக்கும் வரும். அவள் உதட்டை இறுக்கி அதை மென்று விழுங்குவாள். விழுங்கியதும் லாரிஸாவைத் திரும்பிப் பார்ப்பாள். லாரிஸா கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை. அது இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பாஷையாகவே ஆகிவிட்டது.

அணி ஜெயிக்க ஆரம்பித்தது. களக் குறிப்பேட்டில் லாரிஸா எழுதியதைப் படித்துவிட்டு டன்பர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இது உன் யோசனையா?"

"ஆமா, புரொபசர். ஆனா… இதுவும் சொல்றதுதானே? நான் கேள்வியே கேக்கலையே."

"சொல்றதுதானா?" என்று கேட்டுவிட்டு, மதிப்பீட்டுப் படிவத்தில் 'சொந்த உத்தி' என்ற வரிசையில் பத்துக்குப் பத்து போட்டார். மொத்தம் முப்பத்து மூன்று ஆனது. "வட்டார இறுதிப் போட்டிக்கு நேர்ல வர்றேன். பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

முப்பத்து மூன்று. லாரிஸா காரில் உட்கார்ந்து அந்த எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

இறுதிப் போட்டி ஒரு சனிக்கிழமை மதியம். எதிரணி பக்கத்து ஊர்; கேப்டன் ஆனிகா ஃப்ரீசன், பதினேழு வயது, அதிகம் பேசாதவள். ஜெயிக்கிறவர்கள் மாகாணப் போட்டிக்குப் போவார்கள். எட்டுச் சுற்றில் ஏழு முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து.

கர்லிங்கில் பயிற்சியாளருக்குக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்தான் இடம். ஆட்டம் நடக்கும்போது பேசவும் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. லாரிஸா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் டன்பர், மடியில் படிவம், முழங்கால் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு இந்த ஆட்டத்தில் ஓர் எழுத்து தெரியாது.

"இப்ப யாரு முன்னால இருக்காங்க?" என்று கேட்டார். அவர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"சமம், புரொபசர். வீட்டுக்குள்ள அவங்க கல்லு ஒண்ணு நிக்குது. கடைசிக் கல்லு நம்மளோடது. அது அதவிட நடுவுக்கு வந்து நின்னா ஜெயிச்சிடுவோம்."

கடைசிக் கல்லை டெஸ்ஸா விட்டாள். ஐவியும் நோராவும் முன்னால் ஓடினார்கள். வீட்டுக்குள் நின்றிருந்த கோரா, "தேய்! தேய்! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கல் கண்ணாடிப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது, லாரிஸாவை நோக்கி. வீட்டின் வெளி வட்டத்தைத் தாண்டி, கொஞ்சம் திரும்பி, வேகம் குறைந்து வந்தது. அப்போது ஐவியின் துடைப்பம் கல்லின் ஓரத்தில் உரசியது.

ஒரு மயிரிழைதான். லாரிஸாவுக்கு ஆறடித் தூரம், நடுவில் கண்ணாடி மட்டும்.

துடைப்பம் பட்ட கல்லை எங்கள் ஆட்டத்தில் சுட்ட கல் என்போம். சுட்டவர் அந்தக் கணமே தானாக வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். விசில் ஊதி அதைக் கண்டுபிடிக்க யாரும் கிடையாது. எதிரணி பார்த்துவிட்டாலும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். அடுத்தவளைப் பார்த்து 'நீ சுட்டுட்டே' என்பது சுடுவதைவிடக் கேவலம். சொன்ன பிறகு முடிவு எதிரணிக் கேப்டன் கையில். கல்லை எடுத்துவிடலாம், போனால் போகிறதென்று விட்டும்விடலாம். விடுவது என்றால் ஒரு தலையசைப்போடு முடிந்துவிடும். தாத்தா காலத்திலிருந்து இதற்கென்று ஒரு வாசகமும் உண்டு. எல்லோரும் அதையேதான் சொல்வோம்: 'ஸாரி, சுட்டுட்டேன்.'

ஐவி நிமிர்ந்தாள். அவள் வாய் திறந்தது. லாரிஸா அதைப் பார்த்தாள். உதடு குவிந்து, நாக்கு பல்லைத் தொடப் போகிற அந்த இடத்தில் ஐவி திடுக்கிட்டு நின்றாள். கண் நேராகக் கண்ணாடிக்கு வந்தது.

லாரிஸாவின் கட்டைவிரல் உயர்ந்தது.

அவள் உயர்த்தவில்லை, அதுவாக உயர்ந்தது. மூன்று மாதமாக, ஸாரியை விழுங்குகிற அந்த முகத்தைப் பார்த்ததும் உயர்ந்து உயர்ந்து பழகின விரல். மூளைக்குச் செய்தி போவதற்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. ஐவி வாயை மூடிக்கொண்டாள். கல் நடுப் புள்ளியில் பாதியை மூடிக்கொண்டு நின்றது.

"ஜெயிச்சாச்சா?" என்றார் டன்பர்.

லாரிஸா கல்லையே பார்த்தாள். உரசியதா, நிஜமாகவே உரசியதா? ஒருவேளை நிழலோ? நிழலாக இருந்தால் ஐவி ஏன் வாயைத் திறந்தாள்? பனித்தளத்தில் எட்டுப் பெண்களும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனிகா ஐவியின் கையைக் குலுக்கும்போது மட்டும் ஒரு நொடி அதிகமாகப் பிடித்திருந்தது போல இருந்தது. அதுவும் நிஜமா என்று தெரியவில்லை.

"ஜெயிச்சோம்னு… நினைக்கிறேன்," என்றாள்.

"நினைக்கிறியா?" என்றார் அவர், வழக்கம்போல.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே வட்ட மேசையில் உட்கார வேண்டும். தோற்றவர்களுக்கு ஜெயித்தவர்கள் சூடான சாக்லேட் வாங்கித் தர வேண்டும். ஆறு பேர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். டெஸ்ஸா கோப்பைகளைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையிலிருந்து வெங்காயத்தில் பிரட்டின பெரோகிக் கொழுக்கட்டை வாசனை வந்தது. ஐவியை மட்டும் காணோம். கோட்டுகள் தொங்கும் அறையில், பூட்ஸ் வரிசைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

லாரிஸா எதிரே குந்தினாள். என்ன சொல்வதென்று தெரியாததால் படித்ததைச் செய்தாள்.

"ஐவி, அங்க என்ன நடந்துச்சுன்னு நினைக்கிறே?"

"கோச், கேள்வி கேக்காதீங்க," என்றாள் ஐவி. "உங்களுக்கே தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான இருந்தீங்க."

"பட்டுச்சா?"

"பட்டுச்சு. சொல்லத்தான் வந்தேன். எனக்கு அத வேற எப்படிச் சொல்றதுன்னே தெரியல, ஸா… அந்த வார்த்தையிலதான ஆரம்பிக்கும்? அது வாய்க்குள்ள வந்ததும் உங்களப் பாத்தேன். நீங்க விரலக் காமிச்சீங்க."

லாரிஸா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"சொல்லாதன்னுதான காமிச்சீங்க?" என்றாள் ஐவி. "இல்ல, வேற எதுக்காவதா? நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேனா? எனக்கு ஒண்ணுமே புரியல கோச்."

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று லாரிஸாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த மத்தியானத்தில் அவளுக்குத் தெளிவாக இருந்தது அது ஒன்றுதான். உத்திக்குப் போட்ட பத்து போகும். முப்பத்து மூன்று இருபத்து மூன்றாகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. டன்பருக்கு ஆட்டமே தெரியாது, பார்த்தவர்கள் யாருமில்லை, இந்தப் பெண் இன்னும் இரண்டு மாதத்தில் மறந்துவிடுவாள். மறப்பாளா? பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறோம், எந்த முகம் மறந்தது என்றும் ஒரு யோசனை ஓடியது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியதால் அவள் பேந்தப் பேந்த விழித்தாள்.

அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஐவி எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். நேராக ஆனிகாவின் முன்னால் போய் நின்று, "ஸாரி," என்றாள்.

"ஐயோ, எதுக்கு? ஸாரி, உக்காரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஆனிகாவுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"இல்ல, நிஜமாவே ஸாரி."

"நாங்கதான் ஸாரி சொல்லணும், ஆறாவது சுற்றுல உங்கள அவ்வளவு நேரம் காக்க வெச்சிட்டோம்," என்றாள் இன்னொருத்தி.

"ஸாரி, அது உங்க சாக்லேட்டா?" என்றாள் மூன்றாமவள்.

"அஞ்சு! அஞ்சு!" என்று இரட்டையர் மேசையைத் தட்டினார்கள். "ஐவி ரெண்டு தடவ சொல்லிட்டா, பத்து!" எல்லோரும் சிரித்தார்கள். ஐவி சொன்னது கிணற்றில் போட்ட கல்லாகப் போயிற்று. தலைமுறை தலைமுறையாக நாங்கள் எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தையைச் செலவழித்து வைத்திருந்தோம், நிஜமாகவே தேவைப்பட்டபோது அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனிகா மட்டும் சிரிக்கவில்லை. ஐவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐவி உதவிக்கு லாரிஸாவைத் திரும்பிப் பார்த்தாள், அதே முகம்.

இந்த முறை லாரிஸா விரலை மடக்கிக்கொண்டாள். நடந்து போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். டன்பர் இரண்டடி தள்ளிப் பெரோகித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆனிகா," என்றாள். "கடைசிக் கல்லு சுட்ட கல்லு. வீட்டுக்குள்ள வந்ததுக்கப்புறம் ஐவி துடைப்பம் பட்டுச்சு. அவ சொல்ல வாயத் திறந்தா. ஸாரி சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான். அவ சொல்ல வந்தப்ப வேணாங்கிற மாதிரி விரலக் காமிச்சதும் நான்தான். முடிவு உன் கையில இருந்திருக்கணும். அத உங்கிட்ட கொடுக்கல."

டெஸ்ஸாவின் கையில் தட்டு சாய்ந்து ஒரு கோப்பை வழிந்தது.

"தெரியும்," என்றாள் ஆனிகா. "பாத்தேன்."

"பாத்தியா? ஏன் சொல்லல?"

ஆனிகா அவளைப் புரியாமல் பார்த்தாள். "நான் எப்படிச் சொல்றது? கை குலுக்கறப்பயாவது சொல்வான்னு பாத்தேன்." கோப்பையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "அப்பவே சொல்லியிருந்தா விட்டிருப்பேன். லேசா உரசுனதுதான், கல்லு எப்படியும் அங்கதான் வந்து நின்னிருக்கும். நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க."

ஐவி ஒரு சத்தம் போட்டாள், அழுகை என்றும் சொல்ல முடியாது.

"இப்ப?" என்றாள் லாரிஸா.

ஆனிகா தன் அணியைப் பார்த்தாள், பிறகு ஐவியைப் பார்த்தாள். "இப்ப எடுத்துருங்க," என்றாள்.

டெஸ்ஸா தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சுவரில் தொங்கிய புள்ளிப் பலகையில் எட்டாம் சுற்றில் தாங்கள் மாட்டியிருந்த ஒன்று என்ற எண்ணைக் கழற்றி, எதிரணி வரிசையில் மாட்டினாள். திரும்பி வரும்போது லாரிஸாவைக் கடந்துதான் வர வேண்டும். "முதல் வாரம் கேட்டீங்களே கோச், கல்லு ஏன் அங்க போச்சுன்னு," என்றாள் கடுகடுவென்று. "இன்னிக்குக் கேளுங்களேன்." போட்டியை நடத்திய அம்மாள், எழுதி முடித்த தாளை மறுபடி எழுத வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் தேடினாள்.

டன்பர் லாரிஸாவை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். தட்டை விளிம்பில் வைத்துவிட்டுப் படிவத்தை விரித்தார்.

"இந்தப் பத்து அந்தச் சட்டத்துக்குப் போட்டது," என்றார். "அடிச்சா உனக்கு இருபத்து மூணு. தெரியும்ல?"

"தெரியும்."

"அடிக்கவா?"

இந்த முறை பதில் எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "அடிங்க," என்றாள்.

அடித்தார். பேனாவை மூடவில்லை. படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் வந்தார். "இப்ப நீ பண்ணியே, அது எந்த வரிசையில வரும்?" என்றார், தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல. "இதுல அதுக்கு இடமே இல்லையே."

"எனக்குத் தெரியல, புரொபசர்."

"எனக்கும் தெரியல," என்றார் டன்பர். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டவர்கள் யாருமில்லை என்பதால் லாரிஸா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்திலும் அதே முழிதான் இருந்தது. "திங்கக்கிழமை பத்து மணிக்கு ரூமுக்கு வா."

"எதுக்கு?"

"அதுவும் தெரியல. வா."

மேசையில் ஐவி சாக்லேட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நோராவும் கோராவும் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்து, "அழாதடி, விடுடி," என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாகாணப் போட்டி அவர்களுக்கும்தான் போயிற்று. லாரிஸா போய் ஐவிக்கு முன்னால் நின்றாள். பெயிலா பாஸா, இனி இந்தப் பெண்கள் தன் முகத்தில் விழிப்பார்களா, எதுவும் தெரியவில்லை. சொல்ல வேண்டியது மட்டும் இருந்தது. அதைச் சொல்ல வேறு வார்த்தை அவளுக்கும் தெரியவில்லை.

"ஸாரி, ஐவி," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஐவி அவளை அண்ணாந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அஞ்சு," என்றாள்.

லாரிஸா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சாக்லேட் சிந்தின அந்தக் கம்பளத்தில் படுத்தாள். பெஞ்சிலேயே வளர்ந்த கை, இரண்டாவதிலேயே நடுங்கியது. ஐவி எண்ணினாள். எதிரணி மேசையை விட்டு எழுந்து பார்த்தது. டன்பர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் அப்படியே நின்றார். "மூணு," என்றாள் ஐவி. "நாலு."

லாரிஸா கை ஊன்றியபடியே நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"முட்டி தரையில பட்டுடுச்சு," என்றாள். "அது சேராது."

"சரி," என்றாள் ஐவி. "மறுபடி நாலு."